எல்லா அடுக்கும் எரிந்தது, செயற்கைக்கோள் மட்டும் ஏன் தங்கவில்லை?

கேள்வி: 2022 ஆகஸ்டில், சிறு செயற்கைக்கோள்களை ஏவுவதற்கான எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் எல்லா அடுக்குகளும் எதிர்பார்த்தபடி வேலை செய்தன என்று இஸ்ரோ தலைவரே நேரலையில் சொன்னார். அப்படியானால் அது எப்படித் தோல்வியானது? இன்னொன்று, ஒருமுறைகூடப் பறந்து பார்க்காத ராக்கெட்டில் பள்ளி மாணவிகள் செய்த செயற்கைக்கோளை ஏன் ஏற்றினார்கள்?

பதில்:

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் இது: அந்த ராக்கெட்டில் எரிய வேண்டியதெல்லாம் எரிந்தது. ஆனால் தான் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று அளந்து சொல்லும் கருவிகளை அந்த ராக்கெட்டே நடுவழியில் நம்ப மறுத்துவிட்டது. நன்றாக இருந்த கண்ணைக் குருடு என்று முடிவு கட்டிக்கொண்டு, மனப்பாடமான வழியில் நடந்து, வாசலுக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டது. அந்த ஓர் அடி எவ்வளவு என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 9.18 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி-டி1 கிளம்பியது. 34 மீட்டர் உயரம், 2 மீட்டர் விட்டம், 120 டன் எடை. 320 டன் பிஎஸ்எல்வியின் பக்கத்தில் நிறுத்தினால் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு செயற்கைக்கோள்கள். ஒன்று, புவியைப் படமெடுக்க இஸ்ரோ செய்த இஓஎஸ்-02. இன்னொன்று, சுமார் 8 கிலோ எடையுள்ள ஆசாதிசாட். நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் செய்த 75 சிறு கருவிகளை ஒன்றுசேர்த்து, சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா உருவாக்கியது அது.

போக வேண்டிய இடம் 356 கி.மீ. உயரத்தில் ஒரு வட்டப்பாதை. மூன்று அடுக்குகளும் வரிசையாக எரிந்து பிரிந்தன. செயற்கைக்கோள்களும் ராக்கெட்டிலிருந்து விடுபட்டன. கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல்கூடக் கேட்டது. பிறகு ஒரு மௌனம். கடைசிக் கட்டத்தில் தரவு இழப்பு இருக்கிறது, ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றார் இஸ்ரோவின் அப்போதைய தலைவர் சோமநாத். அன்றைக்கே அறிவிப்பும் வந்தது: செயற்கைக்கோள்கள் 356 கி.மீ. வட்டத்துக்குப் பதிலாக 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் (ஒரு முனையில் 356 கி.மீ. உயரம், எதிர்முனையில் 76 கி.மீ.) விடப்பட்டுவிட்டன, இனி அவை பயன்படாது.

இந்த 76 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். விண்கற்கள் எரிந்து கோடாகத் தெரிகிறதே, ஏறத்தாழ அந்த உயரம் அது. அந்தப் பாதையை ஒருமுறை சுற்ற 89 நிமிடம் ஆகும். உச்சியில் விடப்பட்ட பொருள் அடிப்புறத்துக்கு வந்துசேர முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே காற்று காத்துக்கொண்டிருக்கும். முதல் சுற்றே கடைசிச் சுற்று.

உயரம் சரியாகத்தானே இருந்தது, 356 போய்விட்டார்களே என்று கேட்கலாம். சுற்றுப்பாதை என்றதும் நம் மனம் உயரத்தைத்தான் நினைக்கிறது. உண்மையில் உயரம் எளிது. கடினம் பக்கவாட்டு வேகம். 356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வினாடிக்கு ஏறத்தாழ 7.69 கி.மீ. வேகம் வேண்டும். அதே உச்சியில் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கம் 76 கி.மீ. வரை சரிந்துவிடுவதற்கு எவ்வளவு வேகம் குறைந்தால் போதும் தெரியுமா? கணக்குப் போட்டால் வினாடிக்கு 80 மீட்டர் சொச்சம்தான் வருகிறது. 7,690-ல் 80. கிட்டத்தட்ட ஒரு சதவீதம். 99 மதிப்பெண் வாங்கியவனைப் பெயிலாக்கும் தேர்வு இது.

தாழ் சுற்றுப்பாதைக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு 2001 ஏப்ரலில் பறந்த ஜிஎஸ்எல்வியின் முதல் பயணத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவும் வேகத்தில் கொஞ்சம் குறைந்துதான் போனது. ஏறத்தாழ 36,000 கி.மீ. போக வேண்டிய உச்சி 32,000 கி.மீ. அளவில் நின்றது. ஆனாலும் அது சுமந்துபோன ஜிசாட்-1 செயற்கைக்கோள் கீழே விழவில்லை. அதன் வயிற்றிலேயே எரிபொருள் இருந்தது, அதை வைத்து முடிந்தவரை ஏற முயன்றார்கள். கடைசியில் எரிபொருள் தீர்ந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது வேறு கதை. ஆனால் முயல நேரம் இருந்தது. ஆசாதிசாட் போன்ற பெட்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை. தன்னைத் தூக்கிக்கொள்ள அதனிடம் எஞ்சின் கிடையாது, யோசிக்க முக்கால் மணி நேரமும் கிடையாது.

சரி, அந்த ஒரு சதவீதம் எங்கே போனது?

எஸ்எஸ்எல்வியின் மூன்று அடுக்குகளும் திட எரிபொருள். முதல் அடுக்கில் 87 டன், இரண்டாவதில் 7.7, மூன்றாவதில் 4.5. திட எரிபொருளின் சௌகரியம், அதை நிரப்பி வைத்துவிட்டால் தயாராக இருக்கும். கூப்பிட்டதும் பறக்க வேண்டும் என்பதற்காக வடிவமைத்த ராக்கெட்டுக்கு அது பொருத்தம். அசௌகரியம், பற்றவைத்துவிட்டால் நிறுத்த முடியாது. மத்தாப்பை பாதியில் அணைக்க முடியாத மாதிரிதான். உள்ளிருப்பது முழுக்கத் தீரும்வரை எரியும். அதுவும் ஒவ்வொரு மோட்டாரும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு உந்துவிசை தராது. வெப்பநிலை, கலவை என்று சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருந்தே தீரும்.

ஆகவே உச்சியில் ஒரு குட்டித் திரவ எரிபொருள் பகுதி வைத்திருக்கிறார்கள். விடிஎம் என்பார்கள். வேகத்தைச் சீர்செய்வது அதன் வேலை. மூட்டையைத் தராசில் கொட்டிவிட்டு, கடைசியில் ஒரு கை அள்ளிப்போட்டு முள்ளை நடுவில் நிறுத்துகிறோமே, அந்தக் கடைசிக் கை இது. கீழே 99 டன் திட எரிபொருள். இதில் வெறும் 50 கிலோ. தலா 50 நியூட்டன் விசையுள்ள 16 சிறு உந்திகள். பார்க்க அற்பம், ஆனால் ராக்கெட்டின் துல்லியம் மொத்தமும் இதன் தலையில்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "எல்லா அடுக்குகளும் சரியாக வேலை செய்தன" என்று சொன்னது பொய் அல்ல. திட மோட்டார் தன் கடமையைச் செய்துவிட்டது. வழிகாட்டும் கணினி சரியாக யோசித்தாலும் தவறாக யோசித்தாலும் அது எரியத்தான் போகிறது. எரிந்தது வேறு, சேர்ந்தது வேறு. திரையில் ஒவ்வொரு அடுக்கும் பச்சையாகத் தெரிந்துகொண்டிருந்த அதே வேளையில், ராக்கெட்டின் மூளையில் ஒரு தப்பான தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட கணம், இரண்டாம் அடுக்கு பிரிந்த கணம்.

ராக்கெட் தன் வேகத்தை எப்படி அறிகிறது? முக்கியமாக முடுக்கமானிகளை, அதாவது வேகம் மாறும் அளவை உணரும் கருவிகளை வைத்து. கண்ணை மூடிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், முதுகு சீட்டில் எவ்வளவு நேரம், எவ்வளவு அழுந்தியது என்பதை வைத்தே வண்டியின் வேகத்தைக் கணக்கிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையேதான் முடுக்கமானியும் கணினியும் சேர்ந்து செய்கின்றன. ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்க வேண்டும் என்று பல கருவிகள் வைப்பார்கள். எது பழுது, எது நல்லது என்று பிரித்தறிய ஒரு மென்பொருள் தர்க்கமும் உண்டு.

இரண்டாம் அடுக்கு கழன்றபோது, கருவிகள் பொருத்தியிருந்த தளத்தில் எதிர்பார்த்ததைவிடப் பலமான அதிர்வு ஒன்று மிகக் குறுகிய நேரம் பாய்ந்தது. முடுக்கமானிகளின் அளவீடு எல்லை தாண்டி எகிறியது. கருவிகள் பழுதாகவில்லை. பக்கத்தில் வெடி வெடித்தால் யாருடைய காதும் ஒரு நொடி அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் பழுது கண்டறியும் தர்க்கம் அவற்றைப் பழுது என்று ஒதுக்கிவிட்டது. நல்ல அளவீடு கையில் இருந்தும் பயன்படுத்தாமல், ராக்கெட் மீட்பு முறைக்கு மாறியது.

மீட்பு முறை என்பது நல்ல எண்ணத்தில் எழுதி வைத்த ஏற்பாடு. கருவிகள் உண்மையாகவே செத்துவிட்டால், ராக்கெட்டை அப்படியே கைவிடாமல், முன்கூட்டி எழுதிய பாதையில் ஓட்டி ஏதோ ஒரு சுற்றுப்பாதையாவது கிடைக்குமா என்று பார்ப்பது. நோயாளிக்கு அது உயிர்காக்கும் சிகிச்சை. நோயே இல்லாதவனுக்குச் செய்ததுதான் இங்கே கோளாறு. அளந்து அளந்து திருத்திக்கொண்டு போக வேண்டிய ராக்கெட், அளக்காமல் போனது. கடைசிக் கை அள்ளிப்போட வேண்டிய விடிஎம், குறைந்துபோன வேகத்தை ஈடுகட்டவில்லை. தராசு முள் நடுவுக்கு வரவில்லை.

"சென்சார் பழுதானதால் தோல்வி" என்று அந்த வாரம் பல இடங்களில் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்சார் தன் வேலையைச் செய்தது. அதைச் சந்தேகப்பட்ட தர்க்கம்தான் தப்பு செய்தது. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் திருத்தம் எங்கே செய்ய வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சென்சார் கெட்டால் நல்ல சென்சார் வாங்கலாம். ஒரே தளத்தில், ஒரே மாதிரியான கருவிகளை எத்தனை வைத்தாலும், ஒரே உதை எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கலங்கடிக்கும். எண்ணிக்கையைக் கூட்டுவதால் தீரும் பிரச்சினை அல்ல இது.

இதற்கு உலகப் பிரசித்தி பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன்-5 முதல் பயணம். கிளம்பி 40 வினாடிக்குள் சிதறியது. அதன் வழிகாட்டும் அமைப்பில் ஒன்றுக்கு இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். ஏரியன்-4-லிருந்து அப்படியே எடுத்து வைத்தது. புதிய ராக்கெட் வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்ததால் ஒரு பெரிய எண் வந்தது, அது 16 பிட் அளவுக்குள் அடங்கவில்லை. ஒரு பெட்டி கையை விரித்தது; மாற்றாக வைத்திருந்த இன்னொன்றும் அதே காரணத்தால் அதே நேரத்தில் கையை விரித்தது. இதில் கொடுமை, அந்தக் கணக்கு ஏரியன்-5 கிளம்பிய பிறகு அதற்குத் தேவையே இல்லை. எஞ்சின் நன்றாக இருந்தது, எரிபொருள் நன்றாக இருந்தது.

நம் வீட்டுக் கதைகளும் அப்படித்தான். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்எல்வி-3 முதல் பயணம் வங்கக் கடலில் முடிந்தது, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு ஒன்று மூடாமல் அமிலம் கசிந்ததால். 1987 மார்ச்சில் ஏஎஸ்எல்வி, பக்கவாட்டு மோட்டார்கள் தீர்ந்ததும் அடுத்த மோட்டார் பற்றவில்லை. 1993 செப்டம்பர் 20-ல் பிஎஸ்எல்வி, இரண்டாம் அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட குலுக்கலும் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பிழையும் சேர்ந்து கவிழ்த்தன. 29 வருடம் கழித்து எஸ்எஸ்எல்வி இடறியதும் இரண்டாம் அடுக்கு பிரியும் அதே இடத்தில், குலுக்கலும் மென்பொருளும் கைகோத்த அதே விதத்தில். காரணங்கள் வெவ்வேறுதான், ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் ராக்கெட்டின் பலவீனம் எரிவதில் இல்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறும் இடத்தில் இருக்கிறது என்பது இந்த வரிசையைப் பார்த்தால் தெரியும்.

தரையில் ஏன் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை? மோட்டாரைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கலாம். எஸ்எஸ்எல்வியின் முதல் அடுக்கை 2022 மார்ச் 14-ல் அப்படித்தான் எரித்து அளந்தார்கள். பிரிக்கும் அமைப்பையும் தனியாக வெடிக்கவைத்துப் பார்க்கலாம். ஆனால் முழு ராக்கெட், காலியான அடுக்கு கீழே, கனமான அடுக்கு மேலே, காற்றில்லாத உயரம், எடையற்ற நிலை, அப்போது வரும் உதை எந்த வழியாக எந்தத் தளத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதைத் தரையில் அச்சு அசலாகக் கொண்டுவர முடியாது. மாதிரிக் கணக்கு போடலாம். அந்தக் கணக்கு சரியா என்று சொல்ல ஒரு பயணம் வேண்டும். பெயரில் இருக்கும் 'டி' எழுத்துக்கு அர்த்தமே இது மேம்பாட்டுப் பயணம் என்பதுதான். ஒத்திகைக்கு வழி இருந்தால் நிலைமை மாறும். எல்விஎம்-3 ராக்கெட்டை 2014 டிசம்பரில் சுற்றுப்பாதை வரை போகாமல், எரியாத கிரையோ அடுக்குடன் (கடுங்குளிர் திரவ எரிபொருளுக்கான மேலடுக்கு) ஒரு வெள்ளோட்டம் விட்டார்கள். 2017 ஜூனில் நிஜமாகச் சுற்றுப்பாதைக்குப் போன முதல் முறையே வென்றது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. 2017 மே 25-ல் நியூசிலாந்திலிருந்து எலக்ட்ரான் ராக்கெட் முதல்முறை கிளம்பியது. விண்வெளியைத் தொட்டுவிட்டது. நான்கு நிமிடத்தில் பாதுகாப்பு அதிகாரிகள் அதன் பயணத்தை நிறுத்தினார்கள். ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. தரையில் தரவைப் பெறும் கருவியில் ஓர் அமைப்பு தப்பாக வைக்கப்பட்டிருந்ததால் தொடர்பு அறுந்தது; தொடர்பில்லாத ராக்கெட்டைப் பறக்க விடக்கூடாது என்பது விதி. அடுத்த ஜனவரியில் அடுத்த ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. எஸ்எஸ்எல்வி தன்னையே தவறாகச் சந்தேகப்பட்டது. எலக்ட்ரானைத் தரை தவறாகச் சந்தேகப்பட்டது. ஆரோக்கியமான ராக்கெட்டை நம்பாமல் இழப்பது ஒன்றும் அபூர்வமில்லை.

எஸ்எஸ்எல்வி போலவே மூன்று திட அடுக்கு, மேலே ஒரு திரவ அடுக்கு என்ற அமைப்பில் முதல் தடவையே வென்ற ராக்கெட்டும் உண்டு. ஐரோப்பாவின் வேகா. 2012 பிப்ரவரி 13-ல் தென் அமெரிக்காவின் கூருவிலிருந்து கிளம்பி, லாரெஸ் என்ற ஆய்வுக் கோளம், ஒரு சிறு செயற்கைக்கோள், அவற்றோடு க்யூப்சாட் எனப்படும் கையடக்கப் பெட்டிச் செயற்கைக்கோள்கள் ஏழு என அத்தனையையும் சரியாக விட்டது. ஆனால் அதே வேகா 2020 நவம்பரில், பல வெற்றிகளுக்குப் பிறகு, மேலடுக்கில் கேபிள் மாறிப் பொருத்தப்பட்டதால் இரண்டு செயற்கைக்கோள்களை இழந்தது. முதல் பயணம் வென்றுவிட்டால் கண்டம் கழிந்தது என்றும் சொல்வதற்கில்லை.

இந்த ஏழு க்யூப்சாட்கள் உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோய் விடுகின்றன. அந்த ஏழும் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தவை. போலந்து, ஹங்கேரி, ருமேனியா மூன்று நாடுகளுக்கும் அதுதான் முதல் செயற்கைக்கோள். ஒரு நாட்டின் முதல் செயற்கைக்கோளையே கன்னிப் பயண ராக்கெட்டில் ஏற்றியிருக்கிறார்கள். காரணம் எளிமையானது. முதல் பயணத்துக்குப் பணம் கொடுத்து வாடிக்கையாளர் வரமாட்டார், காப்பீடும் சுலபமில்லை. மாணவர்களிடம் ராக்கெட் கட்டணம் கிடையாது. இந்தப் பக்கம் காலி இடம், அந்தப் பக்கம் காலிப் பை. இரண்டும் சந்திக்கும் இடம் முதல் பயணம்தான்.

இதில் எல்லோருக்கும் அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2006 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-1 ராக்கெட் முதல்முறை பறந்தபோது அமெரிக்க விமானப்படை அகாடமி மாணவர்கள் செய்த செயற்கைக்கோள் அதில் இருந்தது. எரிபொருள் கசிந்து தீப்பிடித்து ராக்கெட் விழுந்தது. செயற்கைக்கோள் மட்டும் தெறித்து, ஏவுதளத் தீவிலேயே ஒரு கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்த செயற்கைக்கோள்!

மணல் மூட்டையோ இரும்புக் கட்டியோ வைத்துப் பறக்கவிட்டிருக்கலாமே என்பது அடுத்த கேள்வியாக வரும். வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். என் கருத்தில், தோற்றால் என்ன ஆகும் என்று செய்தவர்களிடம் முன்னமே தெளிவாகச் சொல்லியிருந்தால், நிஜச் செயற்கைக்கோளை ஏற்றுவதுதான் சரி. செயற்கைக்கோள் செய்வதில் கற்கும் விஷயங்களில் பெரும்பங்கு, அது தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கற்று முடிந்துவிடுகிறது. ஐம்பது கிராமில் ஒரு கருவியைப் பொருத்தி, நிரல் எழுதி, அது அதிர்வுச் சோதனையில் தப்புகிறதா என்று பார்த்த மாணவிக்கு, ராக்கெட் தவறியதால் அந்த அறிவு தவறிவிடாது. வருத்தம் இருக்கும், அது வேறு. முதல் பயணத்தைக் கொண்டாட்டமாக மட்டும் காட்டி, அது சோதனை என்பதைச் சிறிய எழுத்தில் போடுவதைத்தான் நான் குறை சொல்வேன்.

திருத்தம் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அடுக்கைப் பிரிக்கும் அமைப்பை, அதிர்வு குறைவாகத் தரும் வேறொன்றாக மாற்றினார்கள். கருவிகள் இருக்கும் தளத்தின் கட்டுமானத்தைத் திருத்தினார்கள். பழுது கண்டறியும் தர்க்கம் ஒரு நொடிக் குலுக்கலைக் கண்டு பதறாதபடி மாற்றி எழுதப்பட்டது. முடுக்கமானிகளை ஒதுக்க நேர்ந்தாலும், ஜிபிஎஸ் போன்ற இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்கள் தரும் தரவை வைத்துத் தன் நிலையை அறிந்து பாதையைத் திருத்திக்கொள்ள வழி செய்தார்கள். அதாவது கண்ணைக் கட்டினாலும் காது கேட்கும். மோட்டார்களின் அடிப்படை வடிவத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10, அதே காலை 9.18-க்கு எஸ்எஸ்எல்வி-டி2 கிளம்பியது. 156 கிலோ இஓஎஸ்-07, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஜானஸ்-1, மூன்றாவதாக மாணவிகளின் ஆசாதிசாட்-2. கால் மணி நேரத்தில் மூன்றும் 450 கி.மீ. வட்டப்பாதையில். 2024 ஆகஸ்ட் 16-ல் டி3 இஓஎஸ்-08-ஐக் கொண்டுபோனதோடு மேம்பாட்டுப் பயணங்கள் முடிந்தன.

அடுத்த கட்டம் நம் ஊர்ப்பக்கம். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் எஸ்எஸ்எல்விக்கென்றே ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கும் அதே வேகக் கணக்குதான் காரணம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது வடக்கு தெற்காகத் துருவங்களைக் கடந்து சுற்றும் பாதைக்கு, தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வரும். விலகிப் போய்த் திரும்ப வேண்டும். பிஎஸ்எல்வி அந்த வளைவைத் தாங்கிக்கொள்கிறது. 120 டன் ராக்கெட்டுக்கு அப்படி வளைந்து செலவழிக்கும் எரிபொருள், சுமக்கும் எடையில் பெரும் துண்டை விழுங்கிவிடும். குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே கிளம்பினால் எதிரே கடல் மட்டும்தான்.